தென்னேரி கோதண்டத்தின் இடது பக்கம்

கோதண்டம் போய்விட்டான்.

காலையில் அவன் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா தூக்கத்துலயே..." என்றாள். 

இந்த குரூப்பில் இருப்பவர்களில் பலருக்கு அவனைத் தெரியாது. எழுபதுகளின் ஆரம்பத்தில் காஞ்சிபுரத்தில் ஹாக்கி பார்த்தவர்களுக்குத் தெரியும். தென்னேரியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து எங்கள் ஊர் டீமுக்கு ஃபுல்பேக் ஆடியவன், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன்.

நான் ஆடியதில்லை. பார்த்தவன், அவ்வளவுதான். அப்போது தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் கோல் போஸ்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் டில்லிபாபு... பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்தவன். வாய் ஓயாது.

எங்களுக்குள் ஒரே சண்டை. கோதண்டம் மெட்ராஸுக்குப் போய் ஏதாவது டிபார்ட்மெண்ட் டீமில் சேர்வானா, மாட்டானா. ஹாக்கி ஆடிப் பிழைக்க அன்றைக்கு அது ஒன்றுதான் வழி. நன்றாக ஆடினால் வேலை கொடுப்பார்கள்.

"அவன் அடிக்கிற அடிக்கு பந்து பாலாத்துல போய் விழும்பா. மெட்ராஸ்காரன் வந்து தூக்கிக்கினு போவான் பாரு" என்பான் டில்லி.

"இடது பக்கம் வந்தா தடுமாறுறான்பா. மட்டையத் திருப்பறதுக்குள்ள ஆளு கோலாண்ட போயிடறான்" என்பேன் நான்.

பொய் இல்லை. வலது பக்கம் அவனைத் தாண்ட ஆள் கிடையாது. இடது பக்கம்... கொஞ்சம் ஓட்டை.

ஒரு ஞாயிறு, வெளியூர் டீமோடு மேட்ச். கையில் குடையோடு ஒருவர் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டு எடுக்க வந்தவர், பொழுது போகாமல் எட்டிப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"அந்த ஃபுல்பேக் எப்படி?" என்றார்.

கேட்டதுதான் தாமதம்... ஆரம்பித்துவிட்டேன். லெஃப்ட் வீக். திரும்புவதில் ஸ்லோ. கோபம் வந்தால் மட்டையை ஓங்கிவிடுவான். "ஊருக்குப் போதும் சார். மெட்ராஸ்ல தாங்க மாட்டான்."

"இவன் பேச்சக் கேக்காதீங்க சார்" என்று டில்லி குறுக்கே விழுந்தான். அவர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். மேட்ச் முடிந்ததும் எழுந்து போய்விட்டார்.

டீம் செக்ரட்டரி மூச்சு வாங்க ஓடி வந்தார். "குடை வெச்சிருந்தாரே, அவரு எங்கப்பா? மெட்ராஸ்லேர்ந்து கோதண்டத்தப் பாக்கறதுக்குன்னே வந்தவருபா!"

டில்லி என்னை ஒரு பார்வை பார்த்தான். "நல்லா வாங்கிக் குடுத்தடா வேலை" என்று வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

கோதண்டம் வீட்டு நிலைமை ஊருக்கே தெரியும். அறுவடைக்குள் வேலை கிடைக்காவிட்டால் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு நிலத்தைப் பார் என்று அவன் அப்பா சொல்லியிருந்தார்.

மூன்று நாள் என்னால் ஒரு பக்கம் ஒழுங்காக டைப் அடிக்க முடியவில்லை. நான்காம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தென்னேரிக்குப் போனேன். வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கையில் மண்வெட்டியோடு நின்று கேட்டான். பயமாகத்தான் இருந்தது...

"இன்னா சொன்ன? அப்படியே சொல்லு."

ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னேன்.

"அதெல்லாம் பொய்யா?"

"இல்ல."

மண்வெட்டியைச் சேற்றில் குத்தி நிறுத்தினான். "ரெண்டு வருசமா கோலுக்குப் பின்னால உக்காந்துக்கினு டில்லி கிட்ட சொல்லிக்கினு இருந்திருக்கற. பத்தடி முன்னால நிக்கிற என் கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேப்பா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நாளைக்குக் காலையில கிரவுண்டுக்கு வா. இடது பக்கமா பந்து போடு."

போனேன். தினமும், ஆபீஸுக்கு முன்னால். எனக்கு மட்டை பிடிக்கத் தெரியாது. கையால் உருட்டிவிட்டேன், எறிந்தேன். அவன் விழுந்தான், எழுந்தான். முட்டி இரண்டும் தோல் உரிந்து கிடந்தது. இரண்டாவது வாரம் டில்லியும் வந்தான். என்னோடு பேசாமலே பந்து பொறுக்கிப் போட்டான். பிறகு அவனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து கடிதம். ட்ரயல்ஸுக்கு வரச் சொல்லி.

மூன்று பேரும் பஸ் ஏறினோம். மைதானத்தில் அதே குடைக்காரர். அவர்கள் டீமிலேயே வேகமான ஃபார்வர்டைக் கூப்பிட்டு, "லெஃப்ட் சைடாவே போ" என்றார். நான் சொன்னதைத்தான் அவர் அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறார்.

முதல் தடவை அந்த ஆள் தாண்டிப் போய்விட்டான். டில்லி என் கையை நெரித்துவிட்டான்.

இரண்டாவது தடவை கோதண்டம் மட்டையைத் திருப்பிப் போட்டான். டக்கென்று ஒரு சத்தம். பந்து நின்றது, ஆள் மட்டும் ஓடினான். மூன்றாவதும் நின்றது. நான்காவதும். அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை... கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தியாவுக்கு ஆடவில்லை. டில்லி அது வரைக்கும் கனவு கண்டான். ஆனால் கோதண்டம் அந்த டீமுக்குப் பல வருஷம் ஆடினான், அதே ஆபீஸில் ரிடையர் ஆனான். அவன் அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனார்.

கல்யாணத்தில் மனைவியிடம் என்னை அறிமுகப்படுத்தினான். "இவன்தான் எனக்குப் பந்து போட்டவன்."

அவ்வளவுதான். குடைக்காரர் விஷயத்தை வாயே திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, கடைசி வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. அவன் மகளுக்கும் தெரியாது. காலையில் போனில்கூட, "அப்பாவுக்குப் பந்து போட்டவர் நீங்கதானே மாமா, அதான் மொதல்ல உங்களுக்குச் சொல்றேன்" என்றாள்.

அதனால்தான் இன்றைக்கு நானே இங்கே எழுதுகிறேன்மா. உன் அப்பா என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்லை.

நாளைக் காலை சென்னையில் எடுக்கிறார்கள். டில்லிக்கு முட்டி வலி, இருந்தாலும் வருகிறேன் என்கிறான். முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம்.

ரொம்ப நன்றிப்பா, கோதண்டம். நல்லா ஆடின.