போனுக்குத் தெரியாத மல்லாட்டை

செஞ்சிப் பக்கத்தில் நிலக்கடலையை நிலக்கடலை என்று சொல்கிறவர் ஒன்று வாத்தியாராக இருக்க வேண்டும், இல்லை வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். எங்களுக்கு அது மல்லாட்டை. வயதானவர்கள் சிலர் மணிலா என்பார்கள். மணிலாக்கொட்டை என்று எந்தக் காலத்திலோ வந்த பெயர் எங்கள் வாயில் அரைபட்டு மல்லாட்டை ஆகிவிட்டது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். நான் அவலூர்பேட்டையில் பிறந்து சிங்கவரத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு ஊரிலும் அதற்கு ஒரே பெயர்தான். அந்தப் பெயரால் என் நிலமே என் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

அந்த வருடம் என் வீட்டுக்காரருக்குச் சவுக்கு ஆசை வந்திருந்தது. ஆசை என்றால் ஆசை இல்லை, அலுப்பு. மல்லாட்டை பிடுங்கும் சமயம் பார்த்து ஆள் கிடைக்காது. பெண்களெல்லாம் ஏரி வேலைக்குப் போய்விடுவார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஏரியில் மண் வெட்டினாலும் ரோட்டோரம் செடி வைத்தாலும் அது ஏரி வேலைதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, நானும் போய் வந்தவள்தான். ஆள் தொல்லை போதாதென்று மலைக்காட்டிலிருந்து பன்றி இறங்கி, முற்றிய காயாகப் பார்த்துக் கிளறித் தின்றுவிட்டுப் போகும். அவருக்கு முதுகு வேறு பிடித்துக்கொள்கிறது. சவுக்கு என்றால் நட்டு, வேர் பிடிக்கிறவரை தண்ணீர் விட்டுவிட்டால் மூன்று நான்கு வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம். கன்றையும் அரசாங்கமே கொடுக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கன்றுகளும் வந்து எங்கள் வேப்பமரத்து நிழலில் பாக்கெட் பாக்கெட்டாக உட்கார்ந்துகொண்டன. விடிந்ததும் எழுந்து அவற்றுக்குத் தண்ணீர் தெளிப்பார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சவுக்கின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் சவுக்கு நட்டால் அந்த நிலத்தில் எனக்கு என்ன வேலை? விதை பொறுக்குவது, களை எடுக்க ஆள் சொல்வது, என்றைக்குப் பிடுங்கலாம் என்று ஒரு செடியைப் பிடுங்கி உரித்துப் பார்த்துச் சொல்வது, இதெல்லாம் என் பொறுப்பு. வீட்டில் என் பேச்சு எடுபடுகிறதோ இல்லையோ, கிணற்றடியில் எடுபடும். அந்த நிலத்தில் சவுக்கு நின்றால் நான் வெறும் சமையல்காரி. இதை அவரிடம் இப்படியே சொன்னேன். அவர் கன்றுகளுக்குத் தண்ணீர் தெளித்து முடித்தார். பிறகு ஒரு வழி சொன்னார்.

"டிப்போவுல வெத கெடச்சா மல்லாட்ட போடு. கெடைக்கலன்னா வெள்ளிக்கெழம டிராக்டர் வரும், சவுக்குதான். அதுக்கு மேல ஒன்னும் பேசாத."

நியாயமான பேச்சுதான். எங்கள் வீட்டில் எடுத்து வைத்திருந்த விதை அந்த வருட மழையில் ஈரம் வாங்கிப் பூசணம் பிடித்துவிட்டது. கடையில் விதை வாங்கலாம் என்றால் முந்தின வருடம் வாங்கியதில் பாதி முளைக்கவே இல்லை. மிச்சம் இருப்பது டிப்போ, அதாவது அரசாங்கம் மானியத்தில் விதை கொடுக்கிற விவசாய ஆபீஸ். மார்கழி பிறக்கப் போகிறது, நிலத்தில் பதமான ஈரம் இருக்கிறது. விதைத்தால் இப்போது விதைக்க வேண்டும். பட்டா நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

டிப்போவில் இருந்த சார் தன்மையானவர். இருப்பு குறைவாக இருப்பதால் போன பட்டத்தில் நிலக்கடலை போட்டதாகப் பதிவு உள்ளவர்களுக்கே முதலில் கொடுக்கிறோம் என்றார். எனக்கென்ன கவலை, ஆடியில் போட்டு ஐப்பசியில் பிடுங்கியவள்தானே என்று தெம்பாக நின்றேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"உங்க நெலத்துல மல்லின்னு இருக்குதும்மா."

"மல்லியா? கொத்தமல்லிய நான் கடையில கட்டு வாங்கறவ சார்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அப்போதுதான் அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. ஆடியில் விதைத்து முளை கிளம்பாத சமயம், விவசாயக் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி தொப்பியும் போனுமாக வரப்பில் வந்து நின்றாள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று அரசாங்கம் போனிலேயே கணக்கெடுக்கிற வேலை. தெற்குச் சீமைக்காரி என்பது பேச்சிலேயே தெரிந்தது. "என்ன பயிர்க்கா போட்டிருக்கீய?" என்று கேட்டாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "மல்லாட்ட" என்று இங்கிருந்தே கத்தினேன். அவள் வெறும் மண்ணைப் படம் எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனாள். பக்கத்து நிலத்துக்காரர் மணிலா என்று சொல்லியிருக்கிறார். அது அவர் சம்சாரத்தின் பெயர் என்று நினைத்து, "பேரு சரி, பயிரு என்ன?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். அதனால் அவர் தப்பித்தார். என்னைத் திருப்பிக் கேட்கவில்லை, நான் மாட்டிக்கொண்டேன்.

"மல்லாட்டன்னுதான் சார் சொன்னேன். உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாம இன்னாம்மா? நானும் இந்தப் பக்கத்து ஆளுதான். போனுக்குத் தெரியலையே." அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "நெலத்துல மல்லாட்ட செடி நின்னா அந்தப் பொண்ண இட்டாந்து போட்டோ எடுத்துத் திருத்திடலாம். இந்த வாரம் இங்கதான் இருக்குது."

"வெத குடுத்தாத்தானே சார் செடி நிக்கும்?"

"செடி நின்னாத்தானேம்மா வெத குடுக்க முடியும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது, ஆனால் யார்மேல் கோபப்படுவது? இலவச கரண்டில்தான் என் மோட்டார் ஓடுகிறது, மானிய விதையில்தான் முன்பெல்லாம் விளைந்தது. அரசாங்கம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நாக்கில் நரம்பில்லாமல் நான் பேச மாட்டேன். கொடுக்க வருகிறவர்களுக்கு வாங்குகிறவள் பேச்சு புரிய வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. வாசல் படி இறங்கும்போதுதான் கிணற்றடி மூலை கண்முன் வந்தது. ஐப்பசியில் செடியைப் பிடுங்கி அங்கே குவித்துத்தான் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். ஆய்கிற இடத்தில் கைதவறிச் சிந்துகிற காய் எப்போதும் உண்டு. மழைக்கு அது சும்மா இருக்குமா? முளைத்துத் தரையோடு பச்சையாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். திரும்ப உள்ளே போய், "சார், செடி நிக்குது. நாளைக்குக் காலையில அந்தப் பொண்ண இட்டுனு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கி நிலத்துப் பக்கம் திரும்பினால் டிராக்டர் சத்தம் கேட்கிறது. வெள்ளிக்கிழமை என்று சொன்ன மனுஷன் வியாழக்கிழமையே கொண்டுவந்து இறக்கிவிட்டார். பாதிக்கு மேல் உழுதாகிவிட்டது. டிராக்டர் கிணற்றடிப் பக்கம் திரும்புகிறது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உழவு மண்ணில் விழுந்தடித்து ஓடினேன். டிராக்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். ஓட்டுகிறவர் பயந்துபோய் நிறுத்தினார்.

"இன்னாமே, மாடு மாதிரி குறுக்க வந்து நிக்கிற?" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னிக்கு இன்னா கெழம? சொன்ன சொல்லு சொல்லா இருக்கணும்."

"நாளைக்கு வண்டி கெடைக்காதுன்னான். வெத கெடச்சிச்சா?"

"கெடைக்கும். இந்த மூலைய மட்டும் தொடாதீங்க."

நடந்ததைச் சொன்னேன். மல்லி என்று கேட்டதும் டிராக்டர்காரர் ஸ்டியரிங்கில் கவிழ்ந்து சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைத் திருப்பச் சொல்லிக் கை காட்டினார். அதன் பிறகு அன்று முழுவதும் எங்களுக்குள் பேச்சு இல்லை. சாயங்காலம் வழக்கம்போல சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் தெளித்தார். போதாத குறைக்கு, வழக்கத்தைவிட அதிகமாகவே தெளித்தார்.

மறுநாள் டிப்போ சார் வண்டியில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். மூலையில் குந்தி ஒரு செடியைப் பிடுங்கினாள். வேரடியில் பழைய காயின் ஓடு பிளந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் சிவந்துபோனது.

"ஐயோ, இதயாக்கா மல்லாட்டன்னிய? எங்கூர்ல இது கடல. நான் மல்லிச் செடின்னுல்லா நெனச்சேன்!"

"போனா போவுது பாப்பா. இப்பவாவது சரியா போடு."

அவள் சுறுசுறுப்பாகப் படம் எடுத்தாள், போனில் என்னென்னவோ அழுத்தினாள். பிறகு நிமிர்ந்து, "பட்டா யாரு பேர்லக்கா? திருத்தம்னா அவங்க வாயால பயிர் பேரச் சொல்லணும், ரெக்கார்டு பண்ணணும்" என்றாள்.

பட்டா அவர் பெயரில். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றிருந்தார். நடுவதற்கென்று கொண்டுவந்த இரண்டு தட்டு சவுக்குக் கன்று அவர் காலடியில் இருந்தது. அவர் சவுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அதில் பொய்யும் இல்லை, அதை நடத்தானே நிலத்தை உழுதார். மல்லாட்டை என்று சொன்னாலும் வம்புதான், போனில் பதிந்ததை எந்த வெளியூர்க்காரராவது கேட்டு மறுபடி மல்லி என்று எடுத்துக்கொள்வார். அவரிடம் நான் எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, முந்தின நாள் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தவள்தானே. அந்தப் பெண் போனை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"என்ன பயிர் ஐயா?"

அவர் மலைப் பக்கம் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, "நி-லக்-க-ட-லை" என்றார். சொல்லிவிட்டு, "நல்லா பாத்துப் போடும்மா. மல்லி கில்லின்னு போட்டுடாத" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புடவைத் தலைப்பால் வியர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, "வெத மூட்டைய நீதான் தூக்கினு வரணும், என் முதுவு ஆவாது" என்றார்.

நானே தூக்கிக்கொண்டு வந்தேன். விதைப்பு முடிந்து சவுக்கை வரப்பைச் சுற்றி நட்டோம். இப்போது மேல்காற்றைத் தடுத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது, அவருக்கு அதில் பெருமை. டிப்போ சாரும் சும்மா இருக்கவில்லை. கணக்கெடுக்க வருகிற பிள்ளைகளுக்காக மல்லாட்டை, மணிலா, நிலக்கடலை மூன்றும் ஒன்றே என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். போகும்போதெல்லாம் அதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் வருவேன்.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் மல்லாட்டை என்றுதான் சொல்கிறார். நிலக்கடலை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரே தடவைதான். அது எனக்காக வந்தது.