வடதுருவக் குளிரும் தக்காளி நாற்றும்

வானிலை பார்க்கிறவன் தொழிலில் மழை பெய்தால் சாமி புண்ணியம், பெய்யாவிட்டால் நம் குற்றம். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஜவ்வாது மலையில் ஒன்பது வருடமாக வெப்பமானியோடு குடித்தனம் நடத்துகிறேன். இந்தத் தை மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எல்லை தாண்டிய காற்று

மலைக்குக் கீழே மாவட்ட வேளாண் அலுவலகத்தில் கூட்டம். வடதுருவத்தைச் சுற்றி உயரத்தில் ஓடும் காற்று வளையம் தளர்ந்துவிட்டது, அதனால் அங்குள்ள புயல்கள் பாதை மாறுகின்றன, குளிர் தெற்கே வழிகிறது என்றேன். வடநாடு நடுங்கும், அங்கிருந்து வரும் வறண்ட காற்றில் நம் மலையும் மூன்று நாளில் சில்லிடும். தக்காளி நாற்றை வைக்கோலால் மூடச் சொல்லி விவசாயிகளுக்குச் செய்தி அனுப்ப வேண்டும், அதற்கு அதிகாரியின் கையெழுத்து வேண்டும் என்றேன்.

அதிகாரி பக்கோடாவை நிதானமாக மென்று முடித்தார். "நம்ம மாவட்டத்துல இல்லாத காத்துக்கு நான் இன்னாத்துக்குபா கையெழுத்துப் போடணும்?" என்றார்.

நடுக்கம்

குளிர் சொன்னபடி வந்தது. கையெழுத்து வரவில்லை. குளிர் இறங்குவதற்கு முந்தின நாளே தொலைக்காட்சிக்காரர் ஒருவர் வந்துவிட்டார், 'ஜவ்வாதில் பனிமழை' என்று தலைப்பை முன்பே எழுதிக்கொண்டு. பனிமழை இல்லை என்று சொன்ன என்னை ஒதுக்கிவிட்டு, சாமை புடைத்துக்கொண்டிருந்த விவசாயி கோவிந்தம்மாவுக்குக் கம்பளி போர்த்தி நடுங்கச் சொன்னார். மணி பதினொன்று, சுள்ளென்று வெயில்.

கோவிந்தம்மா இரண்டு தடவை நடுங்கிக் காட்டினார். மூன்றாவது தடவை கேட்டதும், "வேத்து ஊத்துதுங்க, சீக்கிரம் எடுத்துக்கினு கெளம்புங்க" என்றார்.

செய்தி வந்தது

கூட்டம் முடிந்த நான்காம் நாள் அதே கோவிந்தம்மா என்னைத் தம் நிலத்துக்குக் கூப்பிட்டார். பாத்தி முழுக்க நாற்று முந்தின இரவுக் குளிரில் கருகித் துவண்டு கிடந்தது. அந்த வருடத்துப் பயிரே அதுதான். கையிலிருந்த போனை நீட்டினார். 'இன்று இரவு நாற்றுகளை மூடவும்' என்ற செய்தி அன்று காலைதான் வந்திருந்தது.

அதிகாரியைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் என் இடத்திலிருந்து அந்த நிலம் வண்டியில் பத்து நிமிடம். கம்பளி போர்த்திய அன்றைக்கே கோவிந்தம்மாவின் எதிரில்தான் நின்றேன். உத்தரவு இல்லாமல் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கோவிந்தம்மா கோபப்படவில்லை. "அன்னிக்கே உங்களுக்குத் தெரியும் இல்லீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

வடதுருவத்துக் காற்றுக்கு இந்த மலைக்கு வழி தெரிந்திருக்கிறது, சம்பளம் வாங்கும் எங்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.