அணைக் கதவுக்கு ஒரு கல்யாணப் பந்தல்

போன வாரம் புதுவாயல் கூட்டுரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெரிய இரும்புச் சட்டம் ஒன்றை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் ஊர்ந்து போனது. புதுப் பெயின்ட் வாசனை. அவ்வளவுதான், இரண்டாயிரத்துச் சொச்சத்துக்குப் போய்விட்டேன், டீ ஆறிப்போனது.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு நீர்மின் அணைக்கு மதகுக் கதவு செய்துகொண்டிருந்தோம். அணை இமயமலைப் பக்கம் எங்கோ ஓர் ஆற்றில் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து ஆற்றில் பாதி வருஷம் மணல்தான். டிப்ளமா முடித்து ஆறு மாதமாகாத நான்தான் அளவு பார்க்கிறவன் என்றால், அந்த அணையின் தைரியத்தைப் பாருங்கள்.

கதவு இரண்டு பாதி. சேர்த்து போல்ட் போட்டுக் காட்டினால்தான் லாரி ஏறும். மறுநாள் பகல் அணை அதிகாரி வருகிறார்; இன்று மத்தியானம் துளைகள் மூன்று மில்லி விலகி நிற்கின்றன. டேப்பை மாற்றி மாற்றி அளந்தேன். வேலை போச்சு என்றே நினைத்தேன். சோர்ந்துபோய் ஒரு பாதியில் கை ஊன்றியவன், "அய்யோ!" என்று துள்ளினேன்.

ஃபிட்டர் அந்தோணி அண்ணன் ஓடிவந்து என் கையைப் பார்த்தார். பிறகு ஷெட் நிழலில் கிடந்த மற்றப் பாதியைத் தொட்டார்.

"இன்னா சார், ஒண்ணு வெயில்ல வெந்துகினு கீது, ஒண்ணு ஜில்லுனு கீது. எப்டி சேரும்?"

சூட்டில் இரும்பு நீண்டிருந்தது. பரீட்சையில் நான் எழுதி மார்க் வாங்கிய விஷயம்!

இரண்டு பாதியும் ஒரே நிழலில் இருக்க வேண்டும்; ஷெட்டுக்குள் இடமில்லை. ஷாமியானா வாடகைக்கு விடும் பழவேற்காட்டு ரஹீம் பாயிடம் ஓடினோம். ஆடி மாதம், சாதாத் துணியெல்லாம் பெரியபாளையத்து அம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தது.

"கல்யாண செட்டுதான் கீது. எட்துகினு போங்க."

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் ரோஸ் ஜாலரும் 'நல்வரவு' பேனருமாகப் பந்தல் எழுந்தது. ஷிஃப்டுக்கு வந்தவர்கள், "யாருக்குப்பா கல்யாணம்?" என்றார்கள்.

"ரெண்டு இரும்புக்குத்தான். மொய் வெச்சிட்டு உள்ள போ" என்றார் அண்ணன்.

அதிகாரி வந்தார். பந்தல் தனக்குத்தான் என்று நம்பி, நெகிழ்ந்து கும்பிட்டார். நாங்கள் யாரும் திருத்தவில்லை. அண்ணன் முதல் போல்ட்டை விரலாலேயே தள்ளினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. யார்டு முழுக்க விசில். பந்தல் போட வந்த பாய் கையோடு கொண்டுவந்திருந்த கேசரியை முதலில் அதிகாரிக்கு ஊட்டிவிட்டார்.

இப்போது அந்த யார்டு இல்லை. அங்கே அட்டைப்பெட்டி அடுக்கும் குடோன் நிற்கிறது. அந்தோணி அண்ணன் தன் மகளோடு ஆர்.கே.பேட்டை பக்கம் போய்விட்டார். கூட இருந்தவர்கள் எங்கெங்கோ. எங்களில் ஒருவர்கூடப் பார்த்திராத அந்த ஆற்றில், கதவு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.