மஞ்சுளாக்காவின் கருத்து

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மஞ்சுளாவின் நாஷ்டா கடைக்கு இட்லிக்காக வருகிறவர்களும் உண்டு, அவள் பேச்சைக் கேட்க வருகிறவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தைப் பற்றி யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "இட்லி கல்லாட்டம் இருந்தா எவன் குந்திகினு என் பேச்சைக் கேப்பான்?" என்பாள்.

பேசாமல் இட்லி ஊற்ற அவளுக்குத் தெரியாது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனாலும் உலகத்தில் நடக்கிற எதைப் பற்றியும் அவளிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். டிவி விவாதத்தைப் பற்றிக் கேட்டால், "நாலு பேரு ஒரே நேரத்துல கத்திகினு கீறானுங்க. பதில் வேணும்னு ஒருத்தனுக்காவது தோணுதா?" என்பாள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்றானது நல்லதுதான், ஆனால் கண்டக்டர்களின் முகச்சுளிப்பைச் சகித்துக்கொள்வதற்கு அரசாங்கம் தனியாக ஏதாவது தரவேண்டும் என்பது அவள் கட்சி. போனில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் புது வித்தையையும் அவள் விடவில்லை. "முட்டி வலிக்குதுன்னு கேட்டேன். டாக்டரைப் பாருன்னுச்சி. இத்த சொல்றதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ கரண்டு?" தமிழை வளர்க்கச் சொல்லி மைக்கில் பேசுகிறவர்களின் பிள்ளைகள் எந்தெந்த இங்கிலீஷ் பள்ளிக்கூட வேனில் ஏறுகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருப்பவளுக்குத் தெரியாதா?

அடுப்புக்கு அந்தப் பக்கம் வடை தட்டுகிறவள் செவ்வந்தி. ஒரே தெருக்காரி, வயதில் சின்னவள். கடை ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். மஞ்சுளாவின் வாய் எல்லை தாண்டுகிறது என்று தோன்றினால், "யக்கா, சட்னி தீந்துட்சி பாரு" என்பாள். சட்னி தீர்ந்திருக்காது. மஞ்சுளாவும் புரிந்துகொண்டு பேச்சை மாற்றிவிடுவாள். இதை அவர்கள் இரண்டு பேரும் ஒருநாளும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டதில்லை.

மருமகள் சுபாஷ்ரீ வந்த பிறகுதான் இந்தப் பேச்சு கடையை விட்டு வெளியே போனது. அவள் கும்பகோணத்துப் பக்கத்துப் பெண். மஞ்சுளாவின் மகன் நந்தகுமாரும் அவளும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை. 'கீது', 'இன்னா', 'வந்துகினு' எல்லாம் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. மஞ்சுளாவுக்கோ அந்தப் பேச்சு காலமெல்லாம் ஒரு கூச்சம். 'இன்னா' என்று சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டு வாங்கியவள் அவள். மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட, சம்பந்தி வீட்டார் சிரித்துவிடுவார்களோ என்று வாயைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். அப்படிப்பட்டவளிடம், "அத்தை, நீங்க பேசறது எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா?" என்று மருமகள் சொன்னபோது அவளுக்கு அடுப்பு வேலையே ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்று மத்தியானம் சுபாஷ்ரீ ஒரு கேள்வி கேட்பாள், மஞ்சுளா கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொல்வாள், போன் படம் பிடிக்கும். 'மஞ்சுளாக்காவின் கருத்து' என்று சுபாஷ்ரீ பெயர் வைத்து யூடியூபில் போட்டாள். முதலில் தெருக்காரர்கள் பார்த்தார்கள். பிறகு காஞ்சிபுரம், செங்கல்பட்டு. பிறகு துபாயிலிருந்து ஒருவர், "எங்க அம்மா பேசற மாதிரியே இருக்கு" என்று எழுதினார். அதைச் சுபாஷ்ரீ படித்துக் காட்டியபோது மஞ்சுளா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் தெரியாத பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். செவ்வந்தி மட்டும் ஒருநாள், "யாராரோ பாக்குறாங்க யக்கா. பாத்துப் பேசு" என்றாள். பொறாமையோ என்று மஞ்சுளாவுக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததைப் பிறகு நினைத்து நினைத்து வேதனைப்பட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி, குழந்தைகள் போன் பார்ப்பதைப் பற்றி. மஞ்சுளா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"கொயந்தை அழுதா போன குடுக்குறாளுங்க. துன்ன போன குடுக்குறாளுங்க. இவ சீரியல் பாத்துகினு கீறா, அது பொம்மை பாத்துகினு கீது. அப்பால மூணு வயசாவுது, நாலு வயசாவுது, வாயே தொறக்கலன்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இட்டுகினு போறது. நீ பேசுனியா அதுகிட்ட? போனுதான் பேசிச்சி. அப்போ அது போனுக்குப் பொறந்த புள்ளதானே?"

சுபாஷ்ரீ சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு வீடியோ முடிந்தது. அதுவரை போட்ட எதையும்விட அது அதிகம் ஓடியது. பார்த்தவர்கள் லட்சத்தைத் தாண்டினார்கள்.

செவ்வந்தியின் மகள் சுதாவை வாலாஜாபாத்தில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளைக்கு அரிசி மில்லில் வேலை. அவர்களுடைய பையன் வரதனுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர், இது அவன் பிறவியிலேயே உள்ள விஷயம், யார்மேலும் தப்பில்லை, சீக்கிரம் பயிற்சி ஆரம்பித்தால் நல்லது என்று சொல்லி, வாரம் இரண்டு நாள் வரச் சொல்லியிருந்தார். சுதா அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

வீடியோ வந்த இரண்டாம் நாள் செவ்வந்தி கடைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மஞ்சுளா கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். செவ்வந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா செவ்வந்தி, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் கீது."

"அப்பால?"

"சுதா கைலருந்து போன புடுங்கிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கும் போவக்கூடாதுன்னுட்டாங்க. எல்லாம் இவ சோம்பேறித்தனம்தான், போன நிறுத்துனா தானா பேசுவான்னு மாமியாக்காரி சொல்லிட்டா. யார் சொன்னான்னு கேட்டா, உங்க ஊர் மஞ்சுளாக்காவே சொல்லிச்சேன்றாளாம்."

"நான் பொதுவாத்தானே செவ்வந்தி சொன்னேன்" என்றாள் மஞ்சுளா.

செவ்வந்தி மடித்த புடவையையே எடுத்து மறுபடி மடித்தாள்.

அன்று சாயங்காலமே மஞ்சுளா சுபாஷ்ரீயிடம் அந்த வீடியோவை நீக்கச் சொன்னாள். சுபாஷ்ரீ பதறிப்போய் உடனே நீக்கிவிட்டாள். ஆனால் அதற்குள் யார் யாரோ இறக்கித் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சோகப் பாட்டு சேர்த்திருந்தார். இன்னொருவர், 'கிராமத்துத் தாயின் சாட்டையடி' என்று தலைப்பு வைத்திருந்தார்.

மறுநாள் மஞ்சுளா வாலாஜாபாத் பஸ் ஏறினாள். வழியெல்லாம் சொல்லவேண்டியதைத் தயார் செய்துகொண்டே போனாள்: நான் உன் பிள்ளையை நினைத்துச் சொல்லவில்லை, ஊரில் நடப்பதைச் சொன்னேன்.

கதவைத் திறந்தவள் சுதாவின் மாமியார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்களா? வாங்க வாங்க. குந்துங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். போனை எடுத்துக்கொண்டு வந்து மஞ்சுளாவின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஒரு போட்டோ பிடித்துக்கொண்டாள்.

"நான் தொண்டத்தண்ணி வத்த சொன்னேன், எவ கேட்டா? நீங்க சொன்னீங்க பாருங்க, அதுதான் பேச்சு" என்றாள்.

"அம்மா, நான் சொன்னது தப்பு. எனக்கு வெவரம் தெரியாது. டாக்டரு சொல்றத கேளுங்க" என்றாள் மஞ்சுளா.

அந்த அம்மாள் சிரித்தாள். "செவ்வந்தி பேஜார் பண்ணாளா? அவளுக்கோசரம் அப்பிடித்தான் சொல்லணும். எனக்குப் புரியாதா?" காபி போடச் சொல்லி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு வாசலுக்குப் போனாள்.

சுதா காபியோடு வந்தாள். மெலிந்திருந்தாள். பின்னாலேயே வரதன் வந்து சுவர் ஓரமாகத் தட்டாமாலை சுற்றத் தொடங்கினான். மஞ்சுளா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கறேன். அந்த வீடியோல பேசும்போது இவனை நெனச்சியா?" என்று சுதா கேட்டாள்.

வழியெல்லாம் தயார் செய்த வார்த்தை வாயில்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு இதே பெண் கடையில் உட்கார்ந்து பாடம் படித்தவள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"நெனச்சேன்மா" என்றாள் மஞ்சுளா. "கடசியா சொன்னேன் பாரு, அப்போ இவன் மூஞ்சிதான் வந்துச்சி."

சுதா தலையை ஆட்டினாள். "இல்லன்னு சொல்லியிருக்கலாம் நீ" என்றாள். பிறகு, "காபி ஆறுது, குடி" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போடவேண்டும் என்றாள் மஞ்சுளா. சுபாஷ்ரீ எடுத்தாள். ஆனால் கேமரா முன் உட்கார்ந்ததும், பெரிய விஷயம் பேசுகிறோம் என்ற பயத்தில் அவளுக்குத் தன் பேச்சே வரவில்லை. "நான் கூறிய கருத்து தவறானது. அனைவரும் என்னை மன்னிக்க வேண்டும்" என்று நோட்டீஸ் வாசிப்பதுபோலச் சொன்னாள். மறுபடி எடுத்தும் அப்படியேதான் வந்தது. பார்த்தவர்கள் சில நூறு பேர்தான். 'யாரோ எழுதிக் குடுத்து மிரட்டிப் படிக்க வெச்சிருக்காங்க. பயப்படாதீங்க அக்கா, உண்மையைப் பேசுங்க' என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். அதற்கு நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு சுபாஷ்ரீ கேள்வி கேட்கவில்லை. தானும்தானே சிரித்தோம் என்று அவளுக்கும் உள்ளூர உறுத்தல். மஞ்சுளா அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

செவ்வந்தி ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்களோடு வேலைக்குப் போகிறாள். மஞ்சுளா வடைக்கு வேறு ஆள் வைத்துப் பார்த்தாள், சரிப்படவில்லை, வடையை நிறுத்திவிட்டாள். கடைக்கு வருகிறவர்கள் தேர்தலைப் பற்றியும் தங்கம் விலையைப் பற்றியும் கேட்கத்தான் செய்கிறார்கள். "எனக்கு இன்னா தெரியும்? இன்னொரு இட்லி வெக்கட்டா?" என்கிறாள். சிலர் அதற்கும் சிரிக்கிறார்கள். சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் மஞ்சுளா காஞ்சிபுரம் போக பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது செவ்வந்தி வந்தாள். முகம் திருப்பிக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்து நின்று அவளாகவே சொன்னாள், சுதாவின் புருஷன் அம்மாவை எதிர்த்துப் பேசிப் பையனை மறுபடி பயிற்சிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்திருக்கிறானாம். எட்டு மாதம் வீணாகப் போனதில் டாக்டருக்கு வருத்தமாம்.

"பேசுவானா?" என்று மஞ்சுளா கேட்டாள்.

"தெரில யக்கா. பேசலாம், பேசாமயும் போவலாம்ன்றாரு."

பஸ் வந்தது. கூட்டமில்லை. மஞ்சுளா ஏறி ஜன்னல் ஓரம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் காலியாக விட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். செவ்வந்தி பின்னால் ஏறினாள், அவளைத் தாண்டிப் போய், முன்வரிசையில் யாரோ ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். மஞ்சுளா வாங்கிக்கொண்டு வெளியே பார்த்தாள். சாலையோர ஏரியில் தண்ணீர் பாதிதான் இருந்தது.