கழட்டிப் பார்க்கிற மனுஷன்

செருகிய வயரை உடனே கழற்றுகிறார். கறுப்புப் பெட்டியின் மூலையில் இருக்கும் சின்னப் பச்சை விளக்கு அணைகிறது. மறுபடி செருகுகிறார், எரிகிறது. அதற்குப் பிறகுதான் அவர் முகத்தில் கொஞ்சம் நம்பிக்கை வரும். அதுவும் அரைகுறையாகத்தான். "எரியறது பெரிசு இல்லைங்க. கழட்டினா அணையணும். அப்பத்தான் நம்பலாம்" என்பார்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'கழட்டி' என்று ஆகிவிட்டது. கார்களுக்குள் வைக்கும் மின்னணுப் பெட்டிகளைச் சோதித்துத் தரும் இடம் எங்களுடையது. நான் கையேடு எழுதுகிறவன். என் மேசைக்கு நேர் எதிரே அவருடைய மேசை. அவர் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புரிந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

எனக்கு எட்டிய வரையில் விஷயம் இதுதான். இந்தக் காலத்துக் காருக்குள் பெட்டிகள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொள்கின்றன. பின்னால் ஆள் நிற்கிறாரா என்று பார்க்கும் கேமரா, பிரேக்குக்குச் சேதி சொல்லும். சேதி போவது கம்ப்யூட்டர்களை இணைக்கிற அதே ஈதர்நெட்டில்தான். ஆனால் வீட்டில் இருக்கும் தடித்த வயர் இல்லை, முறுக்கிய இரண்டே கம்பி. சாதாரண லேப்டாப்புக்கு அந்தப் பேச்சு காதில் விழாது. நடுவே அந்தக் கறுப்புப் பெட்டி வேண்டும். அதில் வயர் செருகும் வாய்களில் எது கேட்கும், எது பேசும் என்று லேப்டாப்பில் தீர்மானித்து வைப்பது கழட்டியின் பிழைப்பு.

அந்த இரண்டு கம்பிக்கு ஒரு கிறுக்குத்தனம் உண்டு. ஒரு முனை மாஸ்டராக இருந்து தாளம் போட வேண்டும், மறு முனை அதற்கு ஆட வேண்டும். இதை அவர் எனக்கு அண்ணன் தம்பி கணக்கில் விளக்கினார். "ரெண்டு பக்கமும் அண்ணனா நின்னா, யார் பேச்ச யார் கேக்கறது? ரெண்டும் தம்பின்னா இன்னும் மோசம். அவன் ஆரம்பிக்கட்டும்னு ரெண்டும் வாயப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்கும்." புரிந்தது என்று தலையாட்டினேன். மறுநாள் கையேட்டில் அதைத் தலைகீழாக எழுதினேன். படித்துவிட்டு, "நீங்க ஒரு காபி குடிச்சிட்டு வாங்க" என்றார்.

வீட்டிலும் இந்தக் குணம்தான். புது ஃப்ரிட்ஜ் வந்த அன்று, கதவை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா என்று பார்க்கக் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாராம். அவர் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றிவிட்டார். மெஷின் ஊரைக் கூட்டியது. நர்ஸ் ஓடிவந்து வாயில் வந்தபடி திட்டினார். "திட்டினாங்க, சரி. ஆனா கத்துச்சில்ல? அன்னிக்குத்தான் நான் தூங்கினேன்" என்று என்னிடம் சொன்னார். அவருடைய மனைவி ஒரு தடவை போனில் என்னிடம் புலம்பினார். "எல்லாத்தையும் கழட்டுவாருங்க. திருப்பி மாட்டறதுக்குத்தான் ஆள் தேடணும்."

இப்படிப்பட்டவர் கழற்றாமல் விட்ட வயர் ஒன்று இருந்தது. கைவசம் இருந்த ஒரே கேமராவின் இணைப்பான். அதன் கொக்கி வந்த நாளிலேயே உடைந்துபோனது. யாரோ பசையைக் காய்ச்சி ஊற்றி ஒட்டிவிட்டார்கள். "இதை மட்டும் தொட்டுடாதய்யா, வேற கிடையாது" என்று மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். இவரும் மனசில்லாமல் விட்டுவிட்டார். கேமரா நேரம் தவறாமல் சேதி அனுப்புகிறதா என்பது இவருடைய சோதனை. திரையில் சில வாரமாக எல்லாம் பச்சை. அந்தப் பச்சையை நம்பி, கார் தானே பிரேக் போடுவதை வெளியிலிருந்து வரும் விருந்தாளிகளுக்குக் காட்டும் நாளில் பின்னோக்கி வரும் காருக்குப் பின்னால் தானே நிற்கப்போவதாக மேனேஜர் அறிவித்துவிட்டார். ரப்பர் பொம்மையை நிறுத்தினால் யாருக்கும் சிலிர்க்காதாம்.

அந்த நாள் காலையில், மேசை துடைக்கும்போது பசை விட்டு வயர் கழன்று விழுந்தது. கழட்டி வழக்கம்போலத் திரையைப் பார்த்தார். பச்சை. கேமரா, 'இருக்கிறேன், நலம், பின்னால் காலி' என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"என்னங்க இது?" என்று என்னைக் கேட்டார். என்னைப் போய்க் கேட்கும் அளவுக்குக் குழம்பியிருந்தார்.

"வயர் இல்லாமலும் வேலை செய்யுமோ?" என்றேன். அவர் கேமராவின் மின்சாரத்தைப் பிடுங்கினார். பச்சை. பக்கத்து வயர், அதற்குப் பக்கத்து வயர் எல்லாவற்றையும் உருவினார். பச்சை. கடைசியில் ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் கேமராவைக் கையில் தூக்கிப் பிடித்தார். திரையில் அது நலமாகவே இருந்தது.

"செத்தவன் லெட்டர் போடற மாதிரில்ல இருக்கு" என்றார். சிரிப்பு வந்தது எனக்கு; அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கறுப்புப் பெட்டியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். அண்ணனைத் தம்பியாக்கினார், தம்பியை அண்ணனாக்கினார். தலையைச் சொறிந்தார். கேமராவை முகர்ந்துகூடப் பார்த்தார். அப்புறம் லேப்டாப்பில் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கியவர், ஓரிடத்தில் விரலை எடுக்கவே இல்லை.

நிஜக் கேமரா வந்து சேராத நாட்களில் வேலை நிற்கக் கூடாது என்று, அதைப் போலவே பேசும் ஒரு போலிக் கேமராவை லேப்டாப்புக்குள் இவரே உருவாக்கி வைத்திருந்தார். நிஜம் வந்ததும் அதை அணைத்திருக்க வேண்டும், அணைக்கவில்லை. இத்தனை வாரமும் சோதனை கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் போலியின் பேச்சை.

"ஐயோ, இது நான் வெச்சது" என்றார் மெல்ல.

போலியை அணைத்து, உருவியதையெல்லாம் மறுபடி மாட்டி, நிஜ வயரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தார். சேதி வந்தது. வந்துகொண்டே இருந்தது. விரல் அழுத்தியபடியே இருக்க, திடீரென்று நின்றது. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப வந்தது. காரில் போயிருப்பதும் இதே ரகக் கேமராதான். அது நின்றுபோகும் நேரத்தில் பிரேக்குக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டேன். அவர் நாற்காலியில் இல்லை.

மேனேஜர் போனை எடுக்கவில்லை. எடுக்கிற நிலையிலும் இல்லை. சோதனைத் திடலில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காருக்குப் பின்னால் நின்றிருந்தார். விருந்தாளிகள் நிழலில் இருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் ரிவர்ஸ் போட்டுக் கையசைப்புக்குக் காத்திருந்தார். பின்னாலேயே ஓடிய எனக்கு மூச்சும் இல்லை, என்ன நடக்கிறது என்று தெளிவும் இல்லை. பயம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"சார், நகருங்க!"

"எதுக்குய்யா? நீதான எல்லாம் பாஸ்னு சொன்ன?"

"சொன்னது நான்தான் சார். ஆனா பேசினது கேமரா இல்ல. நான்தான் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். அதாவது, நான் இல்ல…"

மேனேஜர் என்னைப் பார்த்தார். கையேடு எழுதுகிறவனுக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தார் போலும். நான் வாயைத் திறந்தேன், அண்ணன் தம்பி என்று ஏதோ வந்தது, மூடிக்கொண்டேன். "அப்பறம் பேசிக்கலாம், விருந்தாளிங்க பாக்கறாங்க" என்று மேனேஜர் டிரைவரை நோக்கிக் கையைத் தூக்கினார்.

கழட்டி அதற்குமேல் விளக்கவில்லை. திறந்திருந்த ஜன்னலுக்குள் பாதி உடம்பை நுழைத்து, டிரைவர் "அண்ணே, அண்ணே!" என்று அலறுவதற்குள் சாவியைத் திருகி உருவிவிட்டார். இன்ஜின் நின்றது. விருந்தாளிகள் எழுந்தார்கள். மேனேஜர் கத்திக்கொண்டே வந்தார். கழட்டி தலையை வெளியே எடுக்கவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இன்னும் சில விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, கடைசி விளக்கும் அணைகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.