இருபது, இருபத்தொன்று

நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி. இது நடந்தது. 1945 ஜூன் மாதம், ஜாவாவில் டச்சுப் பெண்களை ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த முகாம். என் காதால் கேட்டேன்.

அன்று மதியம் ஒரு மணிக்கு ஃபெம்கே அத்தை செத்துப்போனாள். என் பக்கத்துப் படுக்கை. எனக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே! எங்கள் இருவருக்கும் நடுவில் என் மகள் லோட்யே, ஐந்து வயது, வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தாள். சாவைச் சொன்னால் ஒரு பங்கு கஞ்சி போய்விடும். மறைத்தால் அது லோட்யேவுக்கு. முகாமில் எல்லோரும் செய்ததுதான். அத்தையின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"அத்தை தூங்குறாங்க. எழுப்பாத, செல்லம்."

"பசிக்குதும்மா."

"சாயங்காலம் உனக்கு ரெண்டு டப்பா கஞ்சி. சரியா?"

இரண்டு மணிக்குத் தோட்டத்தில் மண் வெட்டப் போனேன். நாலரைக்கு அங்கிருந்து நேராகத் தலை எண்ணும் இடத்துக்கு வந்துவிட்டேன்.

எங்கள் வரிசைக்கு இருபத்தொரு பேர். அத்தையும் லோட்யேவும் நோயாளிக் கணக்கில் உள்ளே. ஆகவே எண் பத்தொன்பதோடு நிற்க வேண்டும். கடைசி ஆள் நான். குனிந்தபடியே ஜப்பானிய மொழியில் எண் சொல்ல வேண்டும். நிமிர்ந்தால் அடி விழும்.

"பதினெட்டு."

"பத்தொன்பது," என்றேன்.

டக்... டக்... மரச்செருப்புச் சத்தம். என் இடப்பக்கம் வந்து நின்றது.

"இருபது."

அத்தையின் குரல்.

வீங்கிய கால் மட்டும் தெரிந்தது... நான் நிமிரவில்லை.

இன்னொரு குரல். சின்னது.

"இருபத்தொன்று."

காவலன் தலையாட்டிவிட்டுப் போனான். நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் யாருமில்லை.

வரிசைத் தலைவி ஹாக்ஸ்மா முறைத்தாள். "எழுந்திரிக்கவே முடியலன்னு சொன்னியே! ரெண்டு பேரும் ஜம்முன்னு வந்து எண் சொல்றாங்க?"

ஓடினேன்.

மணி நாலு ஐம்பது. அத்தை நான் விட்டுவந்தபடியே கிடந்தாள். லோட்யேவின் தலைமாட்டில் இரண்டு டப்பா. கஞ்சி. ஆவி பறந்தது.

"லோட்யே..."

கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

நர்ஸ் வந்து பார்த்தாள். "உடம்பு விறைச்சிருக்கு. மூணு மணிக்கே போயிருக்கும்மா."

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது... இரண்டு டப்பாவையும் நானே குடித்தேன். சூடாக இருந்தது.

அன்று ராத்திரி முழுக்க லோட்யேவைக் கட்டிக்கொண்டு கிடந்தேன், வேறெதுவும் கவனத்தில் ஏறவில்லை. மறுநாள் காலை சமையல்கட்டு கிரீத்திடம் கேட்டேன், நேற்று எங்கள் கஞ்சியை வாங்கிப் போனது யார் என்று.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எந்தக் கஞ்சி? நேத்து விறகே வரல. ஒருத்தருக்கும் கஞ்சி காய்ச்சல."