மடவை விரட்டும் தாளம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், எழுத மட்டும் உட்கார்ந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. எங்கள் ஊரில், ஏரியில் யார் என்றைக்கு வலை போடுவது என்று ஊர்க்கூட்டம்தான் முறை வைக்கும். படகேற முடியாதவருக்கு முறை கிடையாது. கை வந்துவிடும், வந்துவிடும் என்று சொல்லியே அவருடைய முறையை விடாமல் வைத்திருந்தோம். விடிந்தால் கூட்டம் என்ற நாளும் வந்துவிட்டது. இனியும் தள்ள முடியாது.

அன்று மத்தியானம், அவர் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்துவிட்டு, மகளின் பழைய போனில் சினிமாப் பாட்டு வைத்தேன். அது முடிந்ததும் வேறொன்று தானாக ஓடியது. முதலில் ஒரு குழல். பிறகு நண்டு ஓட்டைச் சுரண்டுவது போல ஒரு சத்தம். அடியில் வயிற்றைக் குத்தும் மிஷின் அடி. என்ன பாஷை என்றே தெரியவில்லை. நிறுத்தவும் மனம் வரவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி குரல் கொடுத்தாள்: "ஆம்பள படுத்துக்கினு கீறாரு, இவளுக்கு டான்ஸு கேக்குதா?"

சத்தத்தைக் குறைத்துவிட்டு, கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் இருந்த மகளுக்குப் போன் போட்டேன்.

"தென்னமெரிக்கா பாட்டும்மா. அவங்க ஊரு பழைய மேளம், குழலு. அத்த கம்ப்யூட்டர் அடியோட சேத்துப் போடறாங்க. எங்க பஸ்ல தெனம் ஓடும். அப்பாக்குப் புடிச்சுதா?"

மறுபடி அதையே வைத்துவிட்டு, அவருக்கு முதுகு காட்டி மீன் ஆய உட்கார்ந்தேன். கட்டில் சட்டத்தில் டக், டக்டக் என்று கேட்டது. வலையைச் சுற்றிப் போட்டதும், மடவை மீன் மிரண்டு வலைக்குள் ஓடுவதற்காக, படகின் விளிம்பைத் துடுப்பால் தட்டுவாரே, அதே அடி. கை வந்துவிட்டது என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

தட்டியது இடது கை. பந்து தரையில் கிடந்தது.

"இந்தப் பாட்டுக்காரன் அடிக்கிற அடிக்கு மடவ ஆந்திராவுக்கே ஓடிப்பூடும்மே," என்றார் குழறலாக. சிரித்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கிச் சட்டத்தின் மேல் வைத்து, அதைப் பிடித்துத் தட்டிப் பார்த்தார். பாட்டு முடியும்வரை தட்டினார். நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் மொறய தம்பிக்கே குடுத்துடச் சொல்லு. நீயே போய்ச் சொல்லு."

"நானா? கூட்டத்துலயா?"

"வேற யாரு கீறா?"

மறுநாள் கூட்டத்தில் சொன்னேன். கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். முறை கொழுந்தனாருக்குப் போனது.